குளிர்காலத்தைக் கழற்றாத வீடு

ககோஷிமா
1981 மார்ச் 3

மட்சுயோ சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே கடுகு பூத்து வயலெல்லாம் மஞ்சளாகிவிட்டது. இன்று பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருநாள். நம் பேத்தி சிசாதோ மூன்று படியிலும் பொம்மைகளைத் தானே அடுக்கினாள். எரிமலைச் சாம்பல் வந்து உலர்த்திய துணிமேல் விழுகிறது, மற்றபடி குறையில்லை. உங்கள் பக்கத்தில் கடல் இன்னும் உறைந்தே கிடக்கிறது என்று செய்தித்தாளில் படித்தேன். உடம்பு தேறிவிட்டதா?

பருவம் விசாரித்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரி 14ஆம் தேதி பகலில் என் மகள் யுகாரி ஒரு பையும் குழந்தையுமாக என் வாசலில் வந்து நின்றாள். மூன்று நாள் ரயில், நடுவில் ஒரு கப்பல். ஒரு தந்திகூடக் கொடுக்கவில்லை. குழந்தைக்குச் சாதம் ஊட்டிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள். ஏன் என்று இரண்டு வாரமாகக் கேட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "அத்தைக்கு என்னைக் கண்டா பயமாம்மா, டாக்டர்கிட்டயே சொல்லிட்டாங்க."

மாப்பிள்ளை வடகடலில் மீன்பிடிக் கப்பலில் இருக்கிறார். ஜூன் நடுவில்தான் கரைக்கு வருவார். அவர் இல்லாத வீட்டில், உங்களுக்கு நிமோனியா என்று இரவுபகல் கண்விழித்த பெண்ணைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அவள் உங்களை அடித்தாளா? கிள்ளினாளா? பதில் எழுதுங்கள்.

இட்சுகோ

*

ஹொக்கைடோ, ஷியோமி
மார்ச் 12

இட்சுகோ சம்பந்தி அம்மாவுக்கு,

பருவம்: பனி. ஜன்னல் பாதி வரைக்கும்.

உங்கள் மகளைக் கண்டு பயம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுதினதை மறப்பேன், பேசினதை மறக்க மாட்டேன். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில், 1974 அக்டோபர் 12ஆம் தேதி, என்னைக் கதவோரத்தில் காற்றடிக்கிற இடத்தில் உட்கார வைத்தீர்கள். நான் சுமந்து வந்த உப்பு சால்மனை வாயில் வைத்துவிட்டு, வடக்கத்தியார்களுக்கு உப்பு என்றால் பயமே இல்லை போலிருக்கிறது என்று உங்கள் அக்காவிடம் சொன்னீர்கள். பார்த்தீர்களா, பயம் என்ற சொல்லை யார் எங்கே சொன்னார்கள் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

என் கணக்கையும் கேளுங்கள். பிப்ரவரி 11ஆம் தேதி காலை முதல் பேருந்தில் உங்கள் மகள் போனாள். எனக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. "போயிட்டு வரேன்" என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த ஒன்பது நாள் பக்கத்து வீட்டு ஒனோதெராவின் மனைவிதான் எனக்குக் கஞ்சி ஊட்டினாள். அவள் கஞ்சி தண்ணீராக இருக்கும். அதையும் குடித்தேன்.

இன்னொன்று. ஆட்டுக்கறி வாட்டுகிற என் இரும்புச் சட்டி, நடுவில் மேடாக இருக்குமே, அதைப் பழுது பார்த்துவிட்டேன் என்று டிசம்பரில் என்னிடம் சொன்னாள். அந்தச் சட்டியில் பழுது என்று எதுவும் கிடையாது. என் கணவர் முப்பது வருஷம் பிடித்த சட்டி. அன்றைக்குப் பிறகு அதை வீட்டில் காணவில்லை. எங்கே போட்டாள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மட்சுயோ

*

ககோஷிமா
மார்ச் 25

சம்பந்தி அம்மாவுக்கு,

செர்ரி மரங்களில் நாளையோ மறுநாளோ முதல் பூ விரியும்.

சால்மனைப் பற்றி நான் சொன்னது உண்மைதான். ஆறு வருஷத்துக்கு மேலாக அதை நெஞ்சில் வைத்திருந்தீர்கள் என்று தெரிந்திருந்தால் முன்பே மன்னிப்புக் கேட்டிருப்பேன். இப்போது கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை யுகாரியிடம் காட்டினேன். இல்லவே இல்லை என்று நீங்கள் சாதிப்பதைப் படித்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அன்று நடந்ததை இந்த முறை முழுதாகச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

பிப்ரவரி 9ஆம் தேதி மதியம் டாக்டர் வீட்டுக்கு வந்தார். டோக்கியோவிலிருந்து புதிதாக வந்தவர், சின்ன வயது. உங்களை உட்கார வைக்கச் சொன்னார். யுகாரி உங்கள் முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினாள். நீங்கள் "கோவாய்" என்றீர்கள். கிண்ணத்தை வாயருகே கொண்டுவந்தாள். மறுபடியும் "கோவாய்". படுக்க வைக்கும்போது அவள் கையைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் முறையாகச் சொன்னீர்கள். கோவாய் என்றால் எங்கள் ஊர்ச் சின்னக் குழந்தைக்கும் தெரியும், பயமாக இருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் அவளைத் தனியாகத் தாழ்வாரத்துக்கு அழைத்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, அம்மாவிடம் முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறீர்களா என்று கேட்டாராம். குழந்தை பக்கத்திலேயே நின்றிருக்கிறது.

சொல்லுங்கள். சொன்னீர்களா, இல்லையா?

இட்சுகோ

*

ஷியோமி
ஏப்ரல் 6

இட்சுகோ சம்பந்தி அம்மாவுக்கு,

சொன்னேன். மூன்று முறைதான். கணக்கு சரி.

உங்கள் கடிதத்தை நான் இரண்டு தரம் படித்தேன், புரியவில்லை. ஒனோதெராவின் மனைவியை அழைத்து அவள் முன்னால் மூன்றாம் தரம் சத்தமாகப் படித்தேன். அவள் சிரித்த சிரிப்பில் தேநீர் கொட்டியது. "ஏன் மட்சுயோக்கா, இந்த ஊரே உங்களைப் பார்த்துத்தானே பயப்படுது, நீங்க யாரைப் பார்த்துப் பயந்தீங்க?" என்றாள். அப்புறம் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கோவாய் என்றால் பயம் இல்லை. உடம்பு ஓய்ந்துபோச்சு, முடியவில்லை என்று அர்த்தம். பனி வாரிவிட்டு வந்தால் கோவாய். வலை இழுத்துவிட்டு வந்தால் கோவாய். பயத்துக்கு எங்களிடம் வேறு சொல் இருக்கிறது, ஒக்கனாய். கரடியைப் பார்த்தால் ஒக்கனாய். வானொலி நாடகத்தில் பேய் வரும்போது பெண்கள் கோவாய் என்று கத்துவதைக் கேட்டிருக்கிறேன். பட்டணத்துப் பேச்சு என்று விட்டுவிட்டேன். என் வாயிலிருந்து வரும்போது அதை அப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. என் மகன் மசனோபு வீட்டில் இருந்திருந்தால் சொல்லியிருப்பான். ஆறு வருஷம் ஒசாகாவில் இருந்தவனுக்கு இரண்டு பேச்சும் தெரியும். அப்பா போன பிறகு குடும்பத்தை இங்கே கூட்டிவந்து விட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான்.

அந்தப் பெண்ணின் கையை நான் தள்ளினது, அவள் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, போய்ப் படுக்கட்டும் என்பதற்காக. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். எனக்குக் கோவாயாக இருந்தது.

அவளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். என் மகன் ஜூன் 15ஆம் தேதி இறங்குகிறான். வாசலில் நான் மட்டும் நின்றால் அவனுக்கு என்ன சொல்வேன்?

ஆனால் சட்டி விஷயத்தில் அவள் பொய் சொன்னாள். அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

மட்சுயோ

*

ககோஷிமா
ஏப்ரல் 22

சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கே கொசுவலை எடுக்கிற காலம் வந்துவிட்டது. சிசாதோ சட்டை போடாமல் சுற்றுகிறாள்.

முதலில் ஓர் ஒப்புதல். உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் அதை நான் துணி அலமாரியில் வைத்திருந்தேன். நான் தனியாக இருப்பவள். காலையில் எழுந்ததும் ஒரு குழந்தை பாட்டி என்று கூப்பிடுகிற வீடாக என் வீடு இரண்டு மாதமாக இருக்கிறது. படித்துக் காட்டினால் அது முடிந்துவிடும் என்று தெரிந்தது. நாலாம் நாள் படித்துக் காட்டினேன்.

யுகாரி எழுந்தாள். கொல்லைக்குப் போய், காய்ந்திருந்த துணிகளையே மறுபடி உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம். உள்ளே வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்போ, நோயாளிய அப்படியே படுக்கையில விட்டுட்டு வந்தவ நான்தானேம்மா?" என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

இப்போது உங்கள் சட்டி. அவள் உங்களிடம் சொன்ன வார்த்தை என்ன? "நாவோஷிட்டேன், அத்தை" என்றுதானே? உங்கள் ஊரில் அதற்குப் பழுது பார்த்தேன் என்று அர்த்தம். எங்கள் ஊரில் எடுத்து வைத்தேன், பத்திரப்படுத்தினேன் என்று அர்த்தம். துடைத்து, எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, மெத்தை வைக்கிற அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறாள். முக்காலி போட்டுப் பாருங்கள். விழுந்துவிடாமல் பாருங்கள்.

அவளைப் போ என்று நான் சொல்ல மாட்டேன். போகாதே என்றும் சொல்ல மாட்டேன். அவளுக்குப் பயணம் பயமில்லை, உங்கள் முகத்தைப் பார்ப்பதுதான் பயம். எங்கள் ஊர்ப் பயம்.

இட்சுகோ

*

ஷியோமி
மே 9

இட்சுகோ சம்பந்தி அம்மாவுக்கு,

பருவம்: வடக்குப் பக்கத்தில் இன்னும் பனி. தெற்கில் சேறு.

சட்டி இருந்தது. நீங்கள் சொன்ன இடத்தில்தான். எண்ணெயும் நல்ல எண்ணெய். என் கணவர்கூட அவ்வளவு மெல்லிசாகத் தடவ மாட்டார். பொய் சொன்னாள் என்று எழுதினதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கடிதத்தை மூன்று நாள் அலமாரியில் வைத்தீர்கள். அதை மறக்க மாட்டேன். நானாக இருந்தால் ஒரு வாரம் வைத்திருப்பேன்.

இங்கே ஒரு சங்கதி. நவம்பரில் நாங்கள் வீட்டைச் சுற்றிப் பலகை அடித்து, ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் இழுத்து ஆணி அறைவோம். அது இல்லாமல் குளிர்காலம் தாங்காது. கோடையின் முதல் சூடான ஞாயிற்றுக்கிழமை வந்ததும் வீட்டில் இருக்கிற எல்லாருமாகச் சேர்ந்து அதைக் கழற்றுவோம். ஒருத்தர் ஏணியில், ஒருத்தர் கீழே. கழற்றி முடித்துவிட்டு முற்றத்தில் கறி வாட்டித் தின்போம். அதுதான் எங்களுக்குக் கோடை பிறந்த நாள். மற்ற நாளெல்லாம் காலண்டர்.

தெருவில் சிலர் இப்போதே கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஒனோதெரா வந்து தானே கழற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். இது கூலிக்குச் செய்கிற வேலை இல்லை என்றேன். அவர் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மட்சுயோ வீட்டில் ஆகஸ்டிலும் குளிர்காலம்தான் என்று கேலி பேசுகிறார்கள். உள்ளே இருட்டாகத்தான் இருக்கிறது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஏணியில் ஏற எனக்கு இந்த வருஷம் முடியாது. கீழே பிடித்துக்கொள்ள முடியும். அவளிடம் இதை மட்டும் சொல்லுங்கள். என் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால், கல்யாணத்தில் பார்த்த அதே முகம்தான், வேறு முகம் என்னிடம் இல்லை என்று சொல்லுங்கள்.

மட்சுயோ

*

ககோஷிமா
மே 24

சம்பந்தி அம்மாவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். யுகாரியும் சிசாதோவும் 27ஆம் தேதி ரயிலேறுகிறார்கள். 30ஆம் தேதி சனிக்கிழமை மதியப் பேருந்தில் வந்து இறங்குவார்கள். ஒரே பைதான் எடுத்துக்கொண்டாள். பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். பத்து நாள் என்றால் மாப்பிள்ளை வருவதற்கு முன்பே திரும்பி வந்துவிடுவாள். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் எதுவும் கேட்காமல் இருப்பது நல்லது. முடியுமா உங்களால்?

சர்க்கரைவள்ளிக்கிழங்கு கொஞ்சம் கொடுத்தனுப்புகிறேன். உப்பு போடாதீர்கள்.

இட்சுகோ

*

ஷியோமி
மே 31, ஞாயிற்றுக்கிழமை மாலை

இட்சுகோ சம்பந்தி அம்மாவுக்கு,

பருவம் எழுதுகிறேன். என் ஆயுளில் முதல் முறையாக ஒழுங்காக எழுதுகிறேன், கேளுங்கள்.

நேற்று அவர்கள் வந்து இறங்கும்போது கடலிலிருந்து மூடுபனி ஏறி ஊர் முழுக்க ஈரம். நான் தபாலாபீசுக்குப் போகிற வழியில் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். சனிக்கிழமை மதியம் தபாலாபீஸ் மூடியிருக்கும் என்று சிசாதோ சொல்லிக் காட்டினாள். அந்தக் குழந்தை உங்கள் ஊர்ப் பேச்சில் பேசுகிறது, பாதி புரியவில்லை. புரியாததையெல்லாம் என்ன அர்த்தம் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். இனி ஒரு வார்த்தையையும் சும்மா விடப்போவதில்லை.

யுகாரி குனிந்து வணங்கினாள். நானும் குனிந்தேன். இரண்டு பேரும் நிமிரவில்லை. குழந்தைதான் இருவர் கையையும் இழுத்தது. ராத்திரிச் சாப்பாட்டில் உங்கள் கிழங்கைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசவில்லை. குளிருக்கு ஸ்டவ் எரிந்தது. மே கடைசியில் ஸ்டவ். நாளைக்கும் இப்படியே இருந்தால் பத்து நாளும் இப்படியே போகும் என்று படுத்தேன்.

காலையில் எழுந்தால் காற்று திசை மாறியிருந்தது. மலைப் பக்கத்திலிருந்து வந்தது. வருஷத்தில் ஒரு நாள் அப்படி வரும், முன்னறிவிப்பு கிடையாது. ஒன்பது மணிக்கு வாசல் வெப்பமானி இருபத்துநாலு, பதினொன்றுக்கு இருபத்தெட்டு. தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்துவிட்டது. ஆண்கள் பனியனோடு நிற்கிறார்கள். ஆணி பிடுங்குகிற இரும்பை எடுத்துக்கொண்டு உங்கள் மகள் தானாக ஏணியில் ஏறினாள். நான் கீழே பிடித்துக்கொண்டேன். குழந்தை விழுகிற ஆணியையெல்லாம் மீன் டப்பாவில் பொறுக்கியது. வளைந்த ஆணி நேரான ஆணி என்று இரண்டு டப்பா கேட்டது, கொடுத்தேன்.

தெற்கு ஜன்னல் தாளைக் கிழித்ததும் வெளிச்சம் உள்ளே விழுந்தது. நவம்பர் ஈக்கள் செத்துக் கிடந்தன. எத்தனை தூசி என்று அப்போதுதான் தெரிந்தது. என் கணவர் படத்துக்கு மேல் ஒட்டடை. யுகாரி உடனே பெருக்க ஆரம்பித்தாள். விடு, இன்றைக்குத் தூசியும் வெயில் காயட்டும் என்றேன். மெத்தைகளை வெளியே போட்டோம். ஸ்டவ் குழாயைக் கழற்றும்போது கரி கொட்டி என் முகம் கறுத்துவிட்டது. சிசாதோ விழுந்து விழுந்து சிரித்தாள். தாயும் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். சிரி என்றேன்.

மதியம் முற்றத்தில் அடுப்பு மூட்டிக் கறி வாட்டினோம். குழந்தை ஜட்டியோடு தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் நனைத்தது. ஒனோதெரா தம்பதி பீரோடு வந்தார்கள். கேலி பேசத்தான் வந்தார்கள். குளிர்காலம் இன்றைக்குத்தான் காலி பண்ணிச்சா என்று அவர் கேட்டார். நான் அவருக்கு வெங்காயம் மட்டும் போட்டேன்.

அவர்கள் போன பிறகுதான் யுகாரி பேசினாள். சட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அத்தை, அன்னைக்கு நான் உங்கள அப்படி விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

"போயிருக்கக் கூடாதுதான்."

"நீங்க அத மறக்க மாட்டீங்கன்னு தெரியும்."

"மறக்க மாட்டேன். நான் வாயத் தொறந்து தூங்கப் போன்னு சொல்லாததயும் மறக்க மாட்டேன். கறி கருகுது பாரு, திருப்பு."

அவள் திருப்பினாள். அவ்வளவுதான். நீங்கள் கேட்கக் கூடாது என்று எழுதினீர்கள், நான் எதுவும் கேட்கவில்லை. வாயில் கறியைப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்க, காய்ந்த மெத்தையின் மேலேயே தாயும் பிள்ளையும் ஒரு மணி நேரம் தூங்கினார்கள். நான் ஈ ஓட்டினேன்.

இப்போது வெயில் சாய்கிறது, இன்னும் சூடு இறங்கவில்லை. விளக்குப் போடாமல் எழுதுகிறேன். அவள் பாத்திரம் கழுவுகிறாள். நான் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரிந்ததும், முதுகைக் காட்டிக்கொண்டே ஒன்று சொன்னாள். "என் நீலக் கோட்டையும் சிசாதோவோட சிவப்புக் கோட்டையும் அனுப்பச் சொல்லி அம்மாவுக்கு எழுதுங்க" என்றாள். இந்த வெயிலில் கோட்டு எதற்கு என்று கேட்டேன். "நவம்பர்ல வேணுமே அத்தை" என்றாள்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

சம்பந்தி அம்மா, அந்தக் கோட்டுகளை மடிப்பது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பாச்சை உருண்டை மட்டும் போடாதீர்கள், குழந்தைக்குத் தும்மல் வருகிறது. அவசரமே இல்லை. நவம்பருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதுவரை உங்கள் வீட்டு ஆணியிலேயே தொங்கட்டும்.

மட்சுயோ